ஏழாம் மாடித் தரைக்கு அடியில்

காலை நாலே முக்காலுக்கு எழுந்தான். பல் விளக்கினான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். சீருடைச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. பார்த்தான். அதையே போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். ஐந்து பத்துக்கு முதல் பஸ்.

பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து கட்டடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடை. அப்போது விடிந்திருக்காது. இரண்டு பக்கமும் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் காலி மனைகள். விளக்குக் கம்பம் ஒன்று விட்டு ஒன்று எரியும். ஆள் கிடையாது... நாய்கூடக் கிடையாது. அவனுடைய பூட்ஸ் சத்தம் மட்டும் அவனோடு வரும். தினமும் இதே நடைதான். பெண்டாட்டி செத்து ஆறு வாரம் ஆன பிறகும் இதே நடைதான்.

இது நம் சிநேகிதன் ஒருவனுடைய அக்கா கணவனுக்கு நடந்தது. அந்தச் சிநேகிதன் கதை விடுகிற ஆள் இல்லை. இதைச் சொன்னபோது நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காலைக் கீழே தொங்கவிடவே இல்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "முழுசாக் கேளுங்க. நீங்களும் தூக்கி வெச்சுக்குவீங்க" என்றான். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

அக்கா கணவன் ஏசி மெக்கானிக். கட்டடத்தில் அவனுக்குப் பெயர் 'காத்து'. "என்ன, காத்து வந்திருச்சா?" என்று வாட்ச்மேன் தினமும் காலையில் கேட்பார், அவன் முகத்தைப் பார்த்தே கேட்பார். நாலு வருஷத்து ஜோக். அவனும் நாலு வருஷமாகச் சிரித்தான்.

அந்தக் கட்டடத்தில் ஏசி தலைக்கு மேலே இல்லை. காலுக்குக் கீழே. மற்ற இடங்களில் கூரையிலிருந்து ஊதும். அங்கே தரையே பொய்த்தரை. கான்கிரீட்டுக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு இரும்புக் கால்கள், அவற்றின் மேல் இரண்டடிக்கு இரண்டடிப் பலகைகள், பலகைமேல் கார்ப்பெட். நடந்தால் டொம்... டொம்... என்று உள்ளே இருக்கிற வெற்றிடம் பதில் சொல்லும். மாடிக்கு ஓர் ஏசி ரூம். அங்கிருக்கும் பெரிய ஃபேன் குளிர்ந்த காற்றை அந்த வெற்றிடத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் தரையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டச் சல்லடை. அதன் வழியாகக் காற்று சுழன்று வரும். காலைத் தொடும். ஆள் சூட்டையும் கம்ப்யூட்டர் சூட்டையும் வாரிக்கொண்டு கூரைக்குப் போகும். கூரை ஓட்டைகள் வழியாக ஏசி ரூமுக்கே திரும்பும். குளிர் மாதங்களில் கண்ணாடி ஓரம் ஜில்லிடும். அதனால் ஜன்னல் பக்கம் மட்டும் தரைக்கு அடியில் பெட்டி பெட்டியாக ஹீட்டர். அப்போது அதே சல்லடையில் வெதுவெதுப்பாக வரும். நல்ல அமைப்புதான், குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று... தரைக்கு அடியில் எது இருக்கிறதோ, அது உங்கள் காலடிக்கு வரும்.

அவளை அவன் சந்தித்ததும் ஒரு சல்லடையால்தான். ஏழாம் மாடியில் ஜன்னல் ஓரத்து சீட். நாள் முழுக்கப் போனில் ஊராரின் புகாரைக் கேட்டு எழுதுகிற வேலை. ஒருநாள் தன் புகாரைச் சொல்ல அவனைக் கூப்பிட்டாள்.

"சார், என் காலுக்கு மட்டும் தனியா குளிர்காலம் நடக்குது. வந்து என்னன்னு கேளுங்க."

அவன் போய் மண்டியிட்டுச் சல்லடையைக் கால்வாசி சுற்றித் திருகினான். "இப்ப?"

"இப்ப பரவால்ல. நாளைக்கும் புகார் பண்ணலாமா?"

தினமும் பண்ணினாள். அடுத்த வருஷம் கல்யாணம். பிறகும் கட்டடத்தில் அவள் அவனைக் 'காத்து' என்றுதான் கூப்பிட்டாள். நீ, வா, போ தான். அவன் மாமியாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "மாப்பிள்ளையை மரியாதையாக் கூப்பிடேன்டி" என்பார். "வீட்டுக்காரருக்கு மரியாதை வேற தரேன்ம்மா, இது மெக்கானிக்குக்கு" என்பாள்.

இனி, எல்லாவற்றுக்கும் காரணமான ஓர் ஒயர்.

குளிர் மாதம் தொடங்கியது. ஏழாம் மாடியில் அவள் சீட்டுக்கு அடியில் இருந்த ஹீட்டர் அடிக்கடி அணைந்தது. ஹீட்டருக்குள் ஒரு ட்ரிப் சுவிட்ச் உண்டு. சூடு எல்லை மீறினால் அது தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடும். ஹீட்டர்மேல் தூசி அடைத்திருந்தது. கேபிள் போடுகிறவர்கள் பலகைகளில் ஓட்டை போட்டு மூடாமல் போனதால் காற்றெல்லாம் வேறு பக்கம் கசிந்தது. காற்று ஓடாத ஹீட்டர் சூடேறத்தான் செய்யும். ஓட்டைகளை அடைத்து, தூசி எடுத்து, சரிசெய்ய நாலு நாள் ஆகும் என்று மெக்கானிக் சொன்னான்.

அது வியாழக்கிழமை மாலை. மேனேஜருக்கு நாலு நாள் என்ற பேச்சே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் வருகிறார்கள்.

"டைரக்ட் கொடுத்துடு."

"சார், ட்ரிப் சுவிட்சுக்கு டைரக்ட் கொடுத்தா..."

"ஒரு நாள். ஒரே நாள். அவங்க வந்து நிக்கறப்ப ஜில்லுனு இருந்தா உன்னைக் கேக்க மாட்டாங்க, என்னைத்தான் கேப்பாங்க."

விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர். சுவிட்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வைத்து முறுக்கினான். இனி எவ்வளவு சூடானாலும் ஹீட்டர் அணையாது. பலகையை மூடினான். இரவு சாப்பிடும்போது அவளிடம் சொல்லிவிட்டான். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

"என் காலுக்குக் கீழதானே? உனக்கு எங்க போச்சு புத்தி? காலைல முதல் வேலையா எடுத்துடு."

"எடுத்துடறேன்."

காலையில் எடுக்கவில்லை. நாலாம் மாடியில் ஒரே புகார். டைரக்டர்கள் எட்டரைக்கு. மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எட்டு மணிக்கு ஏழாம் மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் பிளாஸ்டிக் தீயும் வாசனை. பிறகு விளக்குகள் போயின. பிறகு எல்லாச் சல்லடைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் புகை... கறுப்பாக, சுழன்று, ஆளுயரத்துக்கு.

அந்தக் கட்டடத்தில் சேஃப்டி ஆபீசர் ஒருவர் இருந்தார். எப்போதும் வாயில் விசில், அதனால் பெயரும் விசில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாரையும் கூட்டிக் கத்துவார். "புகை வந்தா நிக்காதே! படு! நல்ல காத்து தரையிலதான் இருக்கும்! தரையோட தரையா ஊர்ந்து வெளியே வா!" வேறு கட்டடங்களுக்கு அது சரி. புகை மேலே ஏறும், தரையில் நல்ல காற்று இருக்கும். இங்கே காற்று வருவதே தரையிலிருந்துதான். 'இந்தக் கட்டடத்துக்கு அது ஒத்துவராது சார்' என்று மெக்கானிக் ஒரு தடவை சொல்லியிருக்கிறான். "நீ ஃபேனைப் பாரு" என்றார் விசில்.

நின்றபடியே ஓடிய இரண்டு பேர் பிழைத்தார்கள். சொல்லிக்கொடுத்தபடி படுத்து ஊர்ந்தவள் செத்தாள். கதவுக்கு எட்டடி முன்னால் கிடந்தாள். முகம் ஒரு சல்லடைமேல் கவிழ்ந்திருந்தது. கன்னத்தில் அதன் வட்டம்.

மூன்றாம் நாள் மேனேஜர் அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. 'இறந்தவர் குளிருக்காகச் சல்லடைமேல் அட்டைப்பெட்டியை வைத்து மூடியிருந்தார். அதனால் ஹீட்டரில் சூடு தேங்கியது.' அட்டைப்பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். விசில் போட்டிருந்தார். மூன்றாவது இடம் காலி.

"அவ மேல பழி போடறீங்களே சார்."

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "ஒயர் யார் கை? சொல்லு. நான் வாயால சொன்னதுக்குச் சாட்சி இருக்கா? பொண்டாட்டியைக் கொன்னவன்னு பேர் வாங்கிட்டு மாமியார் மூஞ்சியில எப்படி முழிப்பே? போனவளுக்கு இனிமே பேர் எதுக்கு... இருக்கறவன் நீ."

பேனாவை அவர்தான் மூடி கழற்றிக் கொடுத்தார். அவன் போட்டான்.

ஏழாம் மாடியைப் பூசி மெழுகினார்கள். ஜன்னல் பக்கம் புதுப் பலகை, புதுக் கார்ப்பெட், புது நாற்காலி. அடியில் இருந்த கரியை யாரும் துடைக்கவில்லை. மேலே புதுசு. கீழே அப்படியே.

ஒரு மாதம் கழித்து விசில் அங்கேயே பயிற்சி வைத்தார். காலை ஏழரை மணி. நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். "ஒரு உயிர் போச்சு. ஏன்? ஒழுங்கா ஊர்ந்திருந்தா போயிருக்காது" என்றார். மெக்கானிக் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்படிப் படுக்கணும்!" விசில் படுத்துக் காட்டினார். கன்னத்தைத் தரையில் வைத்தார். விசில் வாயிலேயே இருந்தது.

எழுந்திருக்கவில்லை.

நடிக்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். விசில் மெதுவாக ஊதியது. நின்றது. மறுபடி ஊதியது... நீளமாக, ஒரே சீராக, மூச்சு வாங்காமல். மனுஷன் அவ்வளவு நேரம் ஊத முடியாது. யாரோ போய்ப் புரட்டினார்கள். முகம் இருந்த இடத்தில் ஒரு சல்லடை. விசில் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அவர் உதடு அசையவில்லை.

நெஞ்சுக்குள் புகை என்றார் டாக்டர். மூக்கில் கரி, தொண்டையில் கரி. "எங்க தீப்பிடிச்சுது?" என்று கேட்டார். எங்கேயும் பிடிக்கவில்லை. அன்று வெயில்கூட நன்றாக அடித்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, மாடிக்கு யாரும் வருமுன், மெக்கானிக் விசில் விழுந்த இடத்துக்குப் போனான். கார்ப்பெட் சதுரத்தை உரித்தான். ரப்பர் கிண்ணம் வைத்த கைப்பிடியைப் பலகைமேல் அழுத்தித் தூக்கினான். பச்... என்று பலகை வந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. டார்ச்சை உள்ளே விட்டான்.

கரியில் ஒரு தடம்.

ஆள் வயிற்றில் ஊர்ந்தால் விழுகிற தடம். நடுவே அகலமான இழுவை. இரு பக்கமும் உள்ளங்கை. சின்ன உள்ளங்கைகள், விரல் விரலாகத் தெளிவாக. அவளுடைய சீட் பக்கத்திலிருந்து புறப்பட்டு, இரும்புக் கால்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து வந்து, விசில் விழுந்த சல்லடைக்கு நேர் கீழே நின்றிருந்தது. அங்கே கரி வட்டமாகத் துடைத்திருந்தது. அங்கிருந்து... திரும்பியிருந்தது. திரும்பி, இன்னொரு பக்கமாகப் புறப்பட்டிருந்தது. இரண்டு பலகை தூரம் மட்டும்.

அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவன் தலையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. மூலையில் மேனேஜர் அறை.

எண்ணினான். இன்னும் பதினொரு பலகை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? பலகையை மூடினான். கார்ப்பெட்டை ஒட்டினான். ஓரம் தூக்காமல் இருக்கக் காலால் நன்றாக மிதித்துவிட்டான். ஏசி ரூமுக்குப் போய் ஃபேனைப் போட்டான்.

மறுநாள் திறந்தான். பத்து. அதற்கு மறுநாள் ஒன்பது. நாளுக்கு ஒரு பலகை. ஆறு வாரமாகச் சாப்பாடு ருசிக்காதவனுக்கு அந்த நாட்களில் பசி எடுத்தது என்று சிநேகிதன் சொன்னான். பொத்தானைக்கூடத் தைத்துக்கொண்டானாம். நாலு பலகை மிச்சம் இருந்தபோது லிஃப்டில் மேனேஜரைப் பார்த்தான்.

"ரூம் எப்படி சார் இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. கால் பக்கம் மட்டும் கொஞ்சம் கணகணன்னு வருது."

"அப்படியா சார். பாக்கறேன்."

பார்க்கத்தான் செய்தான். மூன்று. இரண்டு. ஒன்று.

அன்று காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவு. பார்த்தால் உட்கார்ந்திருந்தார். தட்டினார்கள். உடைத்துப் போனார்கள். நாற்காலியில் நிமிர்ந்து, கைகள் மேசையைப் பிடித்தபடி. காலைத் தூக்க முயன்றிருக்கிறார், முடியவில்லை. இரண்டு ஷூவின் அடியும் உருகிக் கார்ப்பெட்டோடு ஒட்டியிருந்தது. அறை முழுக்கத் தீய்ந்த வாசனை... அதற்குள் இன்னொரு வாசனை, அவள் குளிக்கிற எலுமிச்சை சோப்பு. சுவரில் இருந்த தெர்மாமீட்டர் இருபத்திரண்டு காட்டியது. இருபத்திரண்டு, சரியான சூடு. அவன் வைத்த அளவு.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று மெக்கானிக் பார்த்தான். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. நன்றாக இருந்தது. இதற்குத்தான் தினமும் வேலைக்கு வந்தோம் என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

பிறகுதான் மூன்றாவது கையெழுத்து ஞாபகம் வந்தது.

மறுநாள் பலகையைத் தூக்கினான். தடம் மேனேஜர் அறையிலிருந்து திரும்பி நேராக வந்திருந்தது. ஒரே இரவில் மொத்த தூரமும். ஏழாம் மாடி ஏசி ரூமின் சுவர் வரை. அங்கே நின்றது. ஏசி ரூமில் மட்டும் பொய்த்தரை கிடையாது. எந்திரத்தின் கனத்துக்காக வெறும் கான்கிரீட். தடம் அதற்குமேல் வர வழியில்லை. சுவரின் அடியில் பத்து விரல்களின் கீறல் இருந்தது. கரிக்குள் சிமெண்ட் தெரியுமளவுக்கு.

அவன் உட்காருகிற நாற்காலி ஏசி ரூமுக்குள், அதே சுவரை ஒட்டி.

பயந்தானா என்றால், சொல்லத் தெரியவில்லை. கான்கிரீட்டைவிட்டு இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டான். வாசலிலிருந்து ஏசி ரூமுக்கு நடக்கும் இருபதடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். டொம்... டொம்... அவன் காலுக்கு ஒன்று. அடியிலிருந்து ஒன்று.

அவள் கேட்பது இதுதான் என்று அவனாக முடிவு செய்தான். அவள் பேரில் இருக்கிற பழி. இரண்டு பக்கம் எழுதினான். ஒயரை எழுதினான். மேனேஜர் சொன்னதை எழுதினான். அட்டைப்பெட்டி பொய் என்று எழுதினான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்து. விசாரிக்கிற அதிகாரியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

பழைய தாளை ரத்து செய்தார்கள். அவள்மேல் தவறில்லை என்று புதுத் தாள் வந்தது. அவன்மேல் வழக்கு வரும் என்றார்கள். வேறு ஆள் வரும்வரை வேலையில் இருக்கச் சொன்னார்கள். இவ்வளவுக்கும் பிறகு மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் பொண்ணு பேரை மீட்டுக் குடுத்துட்டீங்க மாப்பிள்ளை." மச்சினன், அதாவது நம் சிநேகிதன், கட்டிப்பிடித்தான். "ஒயரைக் கட்டினது உங்க கைதான் மாமா. இல்லேங்கலை. ஆனா நீங்க மறைக்காம சொன்னீங்க பாருங்க... அக்கா உங்களை மன்னிச்சிருப்பா. அவ குணம் எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஏசி ரூம் போன் அடித்தது.

அது உள்போன். எந்த மாடியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று காட்ட வரிசையாகச் சின்ன விளக்குகள். எரிந்தது 'ஏழு, வாசல்'. ஏழாம் மாடி வாசல் சுவரில் ஒரு போன் இருந்தது, வாஸ்தவம். தீயில் உருகிப்போய் அதைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. இப்போது அந்த இடத்தில் சுவரும் சுண்ணாம்பும்தான்.

எடுத்தான். கேட்டான். வைத்துவிட்டான்.

அடுத்த நாளும் ஏழு ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த நாளும். எடுக்காவிட்டால் நிற்காது. ஒயரைப் பிடுங்கிப் போட்டான். அடித்தது. அந்த மூன்று நாளில் அவன் ஆள் பாதியாகிவிட்டான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றான். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "போய் உங்க மாமாவைக் கூட்டிட்டு வாடா. ரெண்டு நாள் நம்ம வீட்ல இருக்கட்டும்" என்று மகனை அனுப்பினார்.

நாலாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு மச்சினன் ஏசி ரூமுக்குள் வந்து நின்றான். ஃபேன் இரைச்சல். கத்தித்தான் பேச வேண்டும்.

"கிளம்புங்க மாமா. அம்மா காத்துட்டிருக்கா."

"நீ போ. நான் வரேன்."

"சேர்ந்தே போலாம்."

"போடான்னா போயேன்டா!" மெக்கானிக் அவனைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தான். ஒருநாளும் கை நீட்டாத மனுஷன். மச்சினன் மலைத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன மாமா ஆச்சு உங்களுக்கு?"

போன் அடித்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒயர் சுவரில் செருகாமல் தரையில் சுருண்டு கிடந்தது. விளக்கு எரிந்தது.

"எடுக்காதே" என்றான் மெக்கானிக். கத்தவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. மச்சினன் நாலடி கிட்டே இருந்தான். அவன் எடுத்துவிட்டான்.

ஃபேன் நின்றது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. மெதுவாகச் சுழன்று, முனகி, நின்றது. அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. இரைச்சலில் கேட்க வேண்டும் என்பதற்காக அந்தப் போனில் சத்தத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். காதில் வைக்கவே வேண்டாம். அறை முழுக்கக் கேட்டது.

"காத்து, நான்தான். லிஃப்ட் பக்கத்துல இருக்கேன். ஒயர் எடுத்துட்டியா?"

மச்சினனுக்கு அந்தக் குரல் தெரியும். அக்கா. குரலில் மூச்சு வாங்கியது, பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவள்போல. பின்னால் லிஃப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம்கூட...

பிறகு மௌனம். எதிர்முனை பதில் சொல்வதற்கான மௌனம். அந்த மௌனத்தில், வெள்ளிக்கிழமை காலை நாலாம் மாடி ஏசி ரூமில் போனை எடுத்து அவன் என்ன சொன்னான் என்பதுதான் அந்த இரண்டு பக்கத் தாளில் இல்லாதது.

மெக்கானிக் பாய்ந்து போனைப் பிடுங்கினான். "எடுக்கலை!" என்று கத்தினான். "எடுக்கலைடீ! பொய் சொன்னேன்! உள்ளே போகாதே! திரும்பிப் போயிடு, கீழே போயிடு!" தொண்டை கிழியக் கத்தினான். முந்தின இரண்டு நாளும் இப்படித்தான் கத்தியிருக்கிறான்.

போனில் அவள் பொறுமையாகக் கேட்டாள். அவன் கத்துவதை அல்ல. அன்று சொன்னதை.

"நிஜமா? காலைலயே எடுத்துட்டியா? என் தலைல அடிச்சு சொல்லு."

மறுபடி மௌனம். மெக்கானிக் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான், அன்றைக்கான பதில் இன்றைக்கும் வந்துவிடுமோ என்பதுபோல. மச்சினன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். நாலு நாள் முன்பு அவனைக் கட்டிப்பிடித்த கை அப்படியே தொங்கியது. கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், பொய்த்தரைக்கு அடியில், யாரோ புரண்டு படுக்கும் சத்தம்.

போனில் சின்னதாக ஒரு சிரிப்பு.

"சரி, நீ சொன்னா போதும். ராத்திரி பூரா தூக்கமே இல்ல தெரியுமா... நான் போய் உட்கார்றேன்."